கேசட் ரெடியா?

மே 2, வெள்ளி

இந்த டைரியைத் திருட்டுத்தனமாகத் திறப்பவர் ஜெஸ்வின் என்றால்: அண்ணே, நடுப் பக்கத்தில் மிளகாய்ப் பொடி இருக்கிறது, பார்த்துப் புரட்டு. திறப்பவர் அம்மா என்றால்: இது ஜெபக் குறிப்பேடு, ஆமென்.

இன்றைய தலைப்புச் செய்தி: ‘குடை மூணு’ உலகத்தில் இருக்கிறது. யூடியூபில் ஒரு ஜப்பான்காரர் அதன் முதல் ஸ்டேஜை மட்டும் ஆடிக் காட்டிவிட்டு, கையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாதிச் சோற்றில் எழுந்து ஓடி அண்ணனைக் கூட்டிவந்தேன். ரசக் கையோடு போனைத் தொட்டதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிச் செய்தி, உள்பக்கம் பார்க்க.

பிற்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். என் பெயர் ரெனிட்டா மச்சாது, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ஓய்வெடுக்கும் அறிஞர். ஊர் தூத்துக்குடி. எங்கள் வீட்டில் ஒரு டப்பா டிவி, அதில் ஒரு டிவி கேம். அதில் செருகும் பிளாஸ்டிக் செங்கலுக்கு ஊர் முழுக்க ஒரே பெயர்தான்: கேசட். கடையில் கிடைப்பது ‘99999 இன் 1’ கேசட். எண்ணிப் பார்த்தால் அதில் இருப்பது ஏழு விளையாட்டு. மீதியெல்லாம் அதே ஏழு, வேறு சட்டையில்.

ஆனால் அசல் ஜப்பான் கேசட் வேறு ரகம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்தது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மிட்டாய் மாதிரி இருக்கும். முதுகில் ஏதோ ஒரு ஜப்பான் பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கும். எங்கள் டிவி கேம் அந்த ஊர் மெஷினைப் பார்த்துக் காப்பியடித்தது என்பதால் அவை அப்படியே பொருந்துகின்றன. காப்பியடிப்பதால் நன்மை உண்டு என்பதற்கு இதை உதாரணமாகக் கணக்கு மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ்ஸுக்கு விஞ்ஞான மனப்பான்மை போதாது.

இது துறைமுக ஊர். கப்பலுக்குப் போனவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவந்து பரணில் போட்ட கேசட்டுகளை நானும் அண்ணனும் மூன்று வருஷமாகத் தோண்டி எடுக்கிறோம். அப்படிக் கிடைத்தவைதான் குடை ஒண்ணும் குடை ரெண்டும். நிஜப் பெயர் ஜப்பான் எழுத்தில் இருப்பதால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம். குடை பிடித்துப் பறக்கும் இரண்டு பேர், இரண்டு பேரும் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டம். சிவப்புக் குடை நான். நீலக் குடை அண்ணன். அவன் குழியைப் பார்த்தால் உள்ளே இறங்கி நலம் விசாரிப்பவன். இவன் கப்பல் ஓட்டப் போகிறான்.

ஆமாம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் டெக் கேடட். அதாவது கப்பலில் பயிற்சிக்குப் போகிற ஆள். படிப்பு முடிந்துவிட்டது. சென்னை ஏஜென்சியிலிருந்து எந்த நாளும் அழைப்பு வரலாம். வந்தால் ஒன்பது மாதம் வர மாட்டான். அதற்குள் குடை மூணைக் கண்டுபிடித்து இரண்டு பேரும் சேர்ந்து முடித்துவிட வேண்டும். அவனுக்காகத்தான். பாவம், கடலில் போய் இதை நினைத்து ஏங்கக் கூடாது.

மே 3, சனி

வகுப்புத் தோழி அக்‌ஷிதா சொல்கிறாள், போனில் டவுன்லோட் செய்து ஆடலாமே என்று. பிரியாணி போட்டோவைத் தட்டில் வைத்துச் சாப்பிடச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள்.

மே 5, திங்கள்

மாபெரும் திட்டம்.

வெங்காய வண்டி சுடலைமணி அண்ணாச்சியின் மைக்கில் ஓடும் குரல் அவருடையதுதான். ‘பெல்லாரி, பெல்லாரி’ என்று அவர் கத்துவது, பெல்லாரி என்ற பெண் தொலைந்துபோன மாதிரி இருக்கும்.

“அண்ணாச்சி, நான் நல்ல குரல்ல ரெக்கார்டு பண்ணித் தாரேன். காசு வேண்டாம். நடுவுல எனக்கு ஒரே ஒரு வரி.”

“என்ன வரி?”

“பழைய கேசட் கேட்டு ஒரு விளம்பரம்.”

“வெங்காயத்துக்கு இடைஞ்சல் வராதுல்லா?”

“வெங்காயம் இன்னும் அழுது அழுது விக்கும் அண்ணாச்சி.”

பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். வெங்காயம் இரண்டு வரி. மீதி இது: ‘தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் வீட்டில் ஜப்பான் கேசட் தூங்குகிறதா? எழுப்பிக் கொண்டுவாருங்கள். நல்ல கேசட்டுக்கு நல்ல மக்ரூன் தரப்படும்.’ பிறகு எங்கள் தெருப் பெயர், அம்மாவின் போன் நம்பர். என் போன் அம்மாவின் போன்தான். அண்ணன் போன் போன மாதம் பழைய துறைமுகத்தில் நண்டு பிடிக்கப் போன இடத்தில் தண்ணீருக்குள் சங்கமமானது. ஆக வீட்டில் அப்பா போனை விட்டால் ஒரே போன்.

மே 6, செவ்வாய்

தப்பு நடந்துவிட்டது. விளம்பரத்தில் ‘டிவி கேம்’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம். பாட்டு கேசட், பிரசங்க கேசட், ஞானஸ்நான வீடியோ கேசட், இந்தி படிக்கும் கேசட். ஒருவர் கேசட் போடும் டேப்பையே தூக்கி வந்துவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்டதாம், நீயே எடுத்துக்கொள் என்றார்.

“இது ஜப்பான் கேசட் இல்லையே அங்கிள்.”

“ஏன் இல்ல? மேட் இன் ஜப்பான்னு போட்டிருக்குல்லா, கண்ணாடியப் போட்டுப் பாரு.”

போட்டிருந்தது. மக்ரூன் கொடுத்தேன்.

கோரம்பள்ளத்திலிருந்து வந்த ஒரு அக்கா தன் கல்யாண வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து, தருவதற்கு இல்லை, போட்டுப் பார்க்கத்தான் என்றாள். “எங்க வீட்ல அந்த மெசின் போயிட்டு. ஒரு தடவ போட்டுக் காட்டுட்டி. அவரு தாலி கட்டையில சிரிச்சாரா இல்லையான்னு எங்களுக்குள்ள ஒரு பந்தயம்.”

அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். இதற்கிடையில் போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏட்டி கோட்டிக்காரி, காலைலருந்து முப்பது பேருக்கு நான் கேசட் வேண்டாம் கேசட் வேண்டாம்னு பதில் சொல்லுதேன். இந்தா பிடி போன. நீதான இழுத்துவிட்ட, நீயே பேசு.”

“யம்மா, ஒரு குடை கிடைச்சிட்டா…”

“குடையாத. போ.”

(குறிப்பு: அம்மா அறியாமல் செய்த சிலேடை. பத்துக்கு ஏழு.)

இனிப்பு டப்பா காலி. பிரசங்க கேசட் மட்டும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. இதைக் கேட்டால் நான் திருந்திவிடுவேன் என்று அப்பா சொன்னார். அதனால்தான் கேட்கவில்லை.

மே 7, புதன்

இன்றும் போன். எல்லாம் கேசட் கால்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினேன். காற்று வேறு. மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு சார்.

“ஹலோ, மச்சாது வீடா?”

“ஆமா. கேசட்டா?”

“ஆமாம்மா, கேடட் விஷயமாத்தான். ரெடியா?”

“இன்னும் ரெடி ஆகல சார்.”

“எப்ப ரெடி ஆகும்?”

“சொல்ல முடியாது. ஒரு மாசம் ஆகலாம்.”

“ஒரு மாசமா? எனக்கு அவசரம்மா. வேற ஆளப் போட்டுருவேன்.”

“போட்டுக்கோங்க சார்.”

வைத்துவிட்டார். லைன் சரியில்லை. வெங்காய வண்டி வேறு அந்த நேரம் பார்த்து என் குரலிலேயே கத்திக்கொண்டு போனது. கேசட் என்றுதான் கேட்டது. இப்போது எழுதும்போது ‘கேடட்’ என்று எழுதியிருக்கிறேன், பேனா வழுக்கிவிட்டது. கேசட்டுக்கு எதற்கு ‘ஆள்’ என்று யாராவது கேட்கலாம். சென்னைக்காரர்கள் எதை வேண்டுமானாலும் ஆள் என்பார்கள்.

சாயங்காலம் அம்மா போன் மெதுவாக ஓடுகிறது என்று பழைய கால் லிஸ்ட்டை எல்லாம் அழித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். இந்த வீட்டில் உதவிக்கு நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது.

மே 8, வியாழன்

அண்ணன் வெள்ளை யூனிபார்மை மறுபடி இஸ்திரி போட்டான். போடாத சட்டையை எத்தனை தடவை இஸ்திரி போடுவது?

“எனக்கு எதுவும் கால் வந்துச்சாட்டி?”

“பெல்லாரி கிலோ என்ன விலைன்னு ஒருத்தர் கேட்டாரு.”

சிரித்தான். எளிதில் சிரித்துவிடுவான்.

மே 10, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்து கோணல், மன்னிக்க.

காலையில் ஹில்டா அத்தை போன் செய்தாள். மூன்றாவது தெரு. அவள் வீட்டு மாமா ஜப்பான் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

“ஏ பிள்ள, நீ கேக்குத கேசட்டு டிவில செருகுததா? எங்க வீட்ல ஒண்ணு கிடக்கு. மஞ்சக் கலரு. அவ்வோ எம்மவனுக்கு ஜப்பான்ல கோபேலருந்து வாங்கியாந்தது. அவன் இப்ப கனடால கிடக்கான்.”

“அத்தை, இப்பவே வாரேன்.”

“வரலாம். எடுக்க முடியாது.”

“ஏன் அத்தை?”

“அதுமேல பீரோ நிக்கி.”

விஷயம் இதுதான். அந்த அறையில் தரை சரிவு. ஒரு காலுக்கு ஏதாவது முட்டுக் கொடுக்காவிட்டால் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு யாரோ ஒரு புத்திசாலி கேசட்டை வைத்துவிட்டார். தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன். தூசி, ஒரு கரப்பான், ஒரு பழைய ஹேர்பின். அதற்கு அந்தப் பக்கம், பீரோக் காலுக்கு அடியில் மஞ்சள் ஓரம். முதுகுப் பக்கத்து ஸ்டிக்கரில் பாதிக் குடை. அதன் பக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே ஜப்பான் எழுத்து: 3.

நான் போட்ட சத்தத்தில் மாமா குளியலறையிலிருந்து “கரண்ட் அடிச்சிட்டா?” என்று கேட்டார்.

அண்ணனைக் கூட்டிவந்தேன். ஹில்டா அத்தையின் நிபந்தனை ஒன்றே ஒன்று. “கேசட்ட எடுத்துக்கோ. ஆனா கதவு திறக்கப்புடாது. திறந்தா பல்லி உள்ள போயிருது. என் பட்டுச் சேலை பூரா அங்கதான் இருக்கு.”

அண்ணன் பீரோவை நெம்பித் தூக்கினான்.

“எடுட்டி சீக்கிரம்.”

“இருண்ணே, ஸ்டிக்கர் தரையோட ஒட்டியிருக்கு. மெதுவாத்தான் வரும்.”

“என் இடுப்பும் தரையோட ஒட்டப் போவுது.”

வந்துவிட்டது. முகப்பு ஸ்டிக்கரில் கால்வாசி தரைக்குக் காணிக்கை. இப்போது காலுக்கு அடியில் என்ன வைப்பது? மரக்கட்டை வைத்தோம். கதவு திறந்தது. மடித்த பேப்பர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திறந்தது. ஓட்டுத் துண்டு. இந்தத் தடவை பக்கத்துக் கதவு திறந்தது. ஹில்டா அத்தை இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லியைத் தேடினாள்.

அப்போது அண்ணன் மஞ்சள் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெனி, அந்தப் பிரசங்க கேசட்டு, டப்பாவோட இருக்குல்லா, அது ஒண்ணு கொண்டா.”

ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே நீளம், அதே அகலம், டப்பாவோடு சேர்த்தால் அதே கனம். பாட்டு கேசட்டைப் பார்த்துத்தான் ஜப்பான்காரர்கள் கேம் கேசட்டுக்கு அளவு எடுத்தார்களோ என்னவோ. ஊரே சேர்ந்து இரண்டையும் கேசட் என்று சொல்வது தப்பே இல்லை.

வைத்தோம். டப்பா ஒரு ‘டிக்’ என்றது, தாங்கிக்கொண்டது. கதவு அசையவில்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அதுல என்ன கேசட்டு?” என்றாள் அத்தை.

“மனந்திரும்புதல் பத்திப் பிரசங்கம் அத்தை.”

“நல்லது. பீரோவுக்காவது புத்தி வரட்டும்.”

மே 11, ஞாயிறு

ஓடவில்லை. ரப்பரால் பல்லைத் தேய்த்தேன் (கேசட்டின் பல்). ஊதினேன். அண்ணன் ஊதினான். பூசைக்குக் கிளம்பிய அம்மா, எங்களைப் பார்க்கப் பொறுக்காமல், அவளும் ஒரு ஊது ஊதினாள். சாம்பல் நிறத் திரை.

சாயங்காலம் அண்ணன் ஒரு பேப்பரை எட்டாக மடித்து கேசட்டின் முதுகுக்கும் மெஷினுக்கும் நடுவில் செருகினான்.

ஓடுது. ஓடுது. ஓடுது.

மே 13, செவ்வாய்

மூன்றாம் ஸ்டேஜ் வரை. மழையில் குடையைக் கவிழ்த்துப் படகு மாதிரி ஓட்டலாம். அண்ணன் கப்பல்காரன் என்று பேர், படகைக் கொண்டுபோய் முதலை வாயில் நிறுத்தினான்.

இந்த கேசட்டில் சேவ் கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும். காராச்சேவு மட்டும் உண்டு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். அதனால் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துத்தான் ஆடுவோம். அண்ணன் அடிபட்டால் வாயாலேயே ‘டொய்ங்’ என்பான்.

மே 14, புதன்

இரண்டு பேரும் நாள் முழுக்க. வாழ்க்கையிலேயே நல்ல நாள். வேறு செய்தி இல்லை.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பாஸ். கணக்கில் எதிர்பாராத மார்க். மிஸ்ஸே எதிர்பார்க்கவில்லை.

அண்ணனின் கூடப் படித்த கிளாட்சன், மணப்பாட்டுக்காரன், அப்பா போனுக்கு அழைத்தான். கப்பல் கிடைத்துவிட்டதாம், நாளை விசாகப்பட்டினத்தில் ஏறுகிறானாம்.

அண்ணன் நன்றாகத்தான் பேசினான். “சூப்பர்ல மக்கா. பாத்துப் போ.” பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, “யாரு சொன்னா?” என்றான்.

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னான். “ம்மா, அது எனக்கு வந்த கப்பலாம். போன வாரமே நம்ம வீட்டுக்கு அடிச்சிருக்காவ. கேடட் ரெடி இல்ல, ஒரு மாசம் ஆகும்னு வீட்லயே சொல்லிட்டாவளாம்.”

“எந்த வீட்ல? இங்க யாரும் அப்படிச் சொல்லலியே ராசா. வேற எவன் வீட்டுக்கோ அடிச்சிட்டு நம்மளச் சொல்லுதாவ.”

எனக்குத் தலை வலித்தது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மே 17, சனி

ஆறாம் ஸ்டேஜ். அண்ணன் ‘டொய்ங்’ சொல்லவில்லை.

“போனது போவட்டும்ட்டி. அடுத்த கப்பல் எப்ப வருதோ. அதுவரைக்கும் குடை மூணு ஆடலாம். நல்லதுதான” என்றான்.

நல்லதுதான். நான் கேட்டதும் அதுதானே. இரண்டு பேரும் சேர்ந்து, வேண்டிய நேரம்.

அவன் ஒரே குழியில் நான்கு தடவை விழுந்தான். நான் கேலி செய்யவில்லை என்று ஐந்தாவது தடவை திரும்பிப் பார்த்தான்.

அம்மா யூனிபார்மைப் பாலித்தீன் பையில் சுற்றி மேலே எடுத்து வைத்தாள்.

மே 18, ஞாயிறு

இன்று நகைச்சுவை விடுமுறை.

மே 19, திங்கள்

அண்ணனின் பைலில் ஏஜென்சி நம்பர் இருந்தது. மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தேன். எடுத்தது அதே சார், பெயர் புருஷோத்தமனாம்.

“சார், நான் தூத்துக்குடி ஜெஸ்வின் மச்சாதுவோட தங்கச்சி. அன்னைக்கு கேசட் ரெடி இல்லன்னு சொன்னது நான்தான்.”

“கேசட்டா?”

“நீங்க கேடட்னு சொன்னீங்க. எனக்குக் கேசட்னு கேட்டுச்சு. நாங்க அப்ப கேசட் தேடிக்கிட்டு இருந்தோம். ஊர் பூரா வெங்காய வண்டில விளம்பரம்…”

முழுதும் சொன்னேன். ஹில்டா அத்தை பீரோ வரைக்கும்.

“அம்மா, இருபது வருஷமா ஆள் ஏத்திக்கிட்டு இருக்கேன். கேடட்டுக்குக் காய்ச்சல், கேடட்டுக்குப் பொண்ணு பாக்குறாங்க, கேடட்ட நாய் கடிச்சிருச்சு, எல்லாம் கேட்டாச்சு. கேசட் இதான் முதல் தடவை.”

“அவன் எப்பவும் ரெடிதான் சார். சட்டைய இஸ்திரி போட்டு இஸ்திரி போட்டு வெள்ளைக் கலரே போயிட்டு.”

“அந்தக் கப்பல் போயிருச்சும்மா.”

“தெரியும் சார்.”

காகிதம் புரட்டுகிற சத்தம். “எண்ணூர்ல ஒண்ணு நிக்குது. அதுக்குப் போட்டிருந்த பையனுக்கு நேத்து அம்மை போட்டுருச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் ஆபீஸ்ல நிக்கணும். அப்படின்னா இன்னைக்கு ராத்திரி ரயில். முடியுமா?”

இன்னைக்கு என்றார். நாங்கள் ஏழாம் ஸ்டேஜ் கூடப் போகவில்லை.

கீழே அண்ணன் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மணி பதினொன்றரை. முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்து பீச் ரோட்டில் ஓடுவான்.

“என்னம்மா, இந்தத் தடவை லைன் நல்லாக் கேக்குதா?”

“நல்லாக் கேக்குது சார். கேடட் ரெடி.”

இறங்கிப் போய் அவனிடம் சொன்னேன். வாயில் நுரையோடு நின்றான். துப்பினான். என்னைப் பார்த்தான்.

“கேடட்னு நெசமாவே கேக்கலியாட்டி?”

“லைன் சரியில்லண்ணே. காத்து வேற.”

வாயைக் கொப்பளித்தான். “சரி” என்றான். “காத்துதான்.”

அதற்குப் பிறகு வீடு இரண்டுபட்டது. அம்மா ஒரே நேரத்தில் அழுதாள், என்னை அடித்தாள், முறுக்குக்கு மாவு பிசைந்தாள். அப்பா டிக்கெட்டுக்கு ஓடினார். நான் பெட்டி கட்ட உதவப் போய், வழக்கம்போல ஷூவுக்குள் புளி வைக்கலாமா என்று யோசித்து, வைக்கவில்லை. வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஆட்டோ ஏழு மணிக்கு. நாங்கள் இருவரும் டிவி முன்னால் போய் உட்கார்ந்தோம்.

அப்பா உள்ளே வந்தார். தூங்கவில்லை. “இன்னைக்குச் சத்தம் வச்சே ஆடுங்க” என்றார்.

முதல் தடவையாகக் குடை மூணின் பாட்டைக் கேட்டோம். டிங் டிங் என்று ஒரு மழைப் பாட்டு. இவ்வளவு நாள் இதைத் தவறவிட்டிருக்கிறோம். அடிபடும்போது வருகிற சத்தம் ‘டொய்ங்’ இல்லை, ‘பிக்’. அண்ணன் மிகவும் ஏமாந்துபோனான்.

இன்று அவன் ஒரு குழியில்கூட விழவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. நான்தான் உளறிக்கொண்டே இருந்தேன். கடைசி ஸ்டேஜ். மேகத்து ராசா. வாயால் ஊதினால் இரண்டு குடையும் பறக்கும். இந்த ஆட்டத்தில் ஒரு குடை என்றால் ஒரு உயிர்; அண்ணனின் நீலக் குடைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வாசலில் ஆட்டோ ஹாரன்.

அவன் கடைசிக் குடையும் போயிற்று. என்னிடம் ஆடிக்கொண்டிருப்பது ஒன்று, மிச்சம் ஒன்று. கடுப்பில் இரண்டு பட்டனையும் சேர்த்து ஒரு குத்துக் குத்தினான். திரையின் மேலே என் பக்கம் இருந்த மிச்சக் குடை ஆடிற்று. அவன் பக்கம் பாதி தூரம் போய், அவன் கையை எடுத்ததும் திரும்பி வந்தது.

“ஏய், என் உயிர எடுக்குண்ணே அது.”

“அப்படியா. தெரியாமப் போச்சே.” கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். “வேண்டாம். ஒனக்குத்தான் ரெண்டு இருக்கு. நீ முடி. நான் பாக்குதேன்.”

“எய்யா, ரயிலு” என்றாள் அம்மா வாசலிலிருந்து.

நான் என் கையால் ஆடிக்கொண்டே, இடது கால் பெருவிரலால் அவன் கண்ட்ரோலரின் இரண்டு பட்டனையும் சேர்த்து மிதித்தேன். விடாமல் மிதித்தேன். என் குடை மேலே நகர்ந்து நகர்ந்து போய் நீலமானது. ‘டிங்’.

“எடுல அத. நேரமாவுது.” அண்ணனை ‘ல’ போட்டுப் பேசியதற்கு இன்று யாரும் அதட்டவில்லை.

எடுத்தான். ராசா ஊதினான். என் சிவப்பு சரியாக நீலத்துக்கு முன்னால் போய் நின்றது. தற்செயல்தான், கை வியர்வை, மே மாதம். பிக். நான் காலி. அவன் மட்டும் மேலே ஏறி, நிதானமாக, குழி இருக்கிற இடத்தையெல்லாம் தாண்டி, ராசாவின் மூக்கில் குடையால் ஒரு குத்து.

முடித்துவிட்டான்.

மழை நின்றது. வானவில் வந்தது. செத்துப்போன என் சிவப்பும் எழுந்து நீலத்தோடு நடந்தது, கேமில் அப்படித்தான். பிறகு ஜப்பான் எழுத்தில் நீளமாக ஏதோ வந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“என்ன போடுவான். சீக்கிரம் கெளம்புங்கன்னு போட்டிருப்பான்” என்றாள் அம்மா.

ரயிலில் ஏற்றிவிட்டு வந்தோம். வெள்ளைச் சட்டை அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை.

மே 21, புதன்

ஏறிவிட்டான். கூடப் போன ஏஜென்சி சாரின் போனை வாங்கிப் பேசினான். கேபினில் இன்னொரு கேடட் இருக்கிறானாம், மலையாளியாம், குறட்டையாம். இனி கரையைத் தொடும்போதுதான் பேச்சு. வைக்கும்போது, “டொய்ங்” என்றான்.

மே 23, வெள்ளி

ஒற்றை ஆளாக ஆடிப் பார்த்தேன். ஒரு ஆள் ஆட்டம் என்று இருக்கத்தான் செய்கிறது. முதல் ஸ்டேஜிலேயே செத்தேன். மறுபடி. மறுபடி. கண்ட்ரோலர் பழசாகிவிட்டது போல.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் இரண்டு நாளாகச் சரியில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போடுகிறாள். அப்பா அப்படியே சாப்பிடுகிறார்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். கீரைத் தட்டை நகர்த்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இதுல எதுட்டி நான்?”

“நீலம்.”

“எத அமுக்கணும்?”

காட்டிக் கொடுத்தேன். அம்மா குதிக்க வேண்டிய இடத்தில் பட்டனை அமுக்குவதோடு விடாமல் தானும் எம்பிக் குதிக்கிறாள். நத்தையைப் பார்த்து “போ சவமே” என்று திட்டுகிறாள். குழியில் விழுந்தாள். எழுந்து மறுபடி அதே குழி. மூன்றாவது தடவையும் அதே குழிதான். இது பரம்பரை வியாதி.

“ஏட்டி, என் குடை பூரா தீந்துட்டு.”

“தீந்தா அவ்வளவுதான்மா. நீ அவுட்டு.”

“அன்னைக்கு அவனுக்கு மட்டும் குடுத்த?”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“ஒன் உயிர்ல ஒண்ணு தா” என்றாள். “கடேசி வரைக்கும் என்னதான் இருக்குன்னு பாப்போம்.”

“ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கும்மா. விடாத, அமுக்கிக்கிட்டே இரு.”

அமுக்கினாள். என் குடை ஒன்று மெதுவாக அந்தப் பக்கம் போனது.